மரப் பீரங்கியும் மஞ்சள் சேலையும்

மார்ச் 20, 1797. திங்கள்

சென்னப்பட்டணம் போய்ச் சேர இன்னும் ஐந்து வாரம் என்று கப்பித்தான் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து நாள். தினமும் ஒன்று கழித்துக்கொண்டே வரப் போகிறேன்.

அக்கா எஸ்தர், நீ இந்த நோட்டைக் கையில் திணித்து, "பாத்ததையெல்லாம் ஒண்ணு விடாம எழுதுடி, வந்ததும் நான் படிக்கணும்" என்று சொல்லி அனுப்பினாய். கூடவே ஒரு பை மஞ்சள் தூளும் ஒரு புத்திமதியும் கொடுத்தாய். "கப்பல்காரங்ககிட்ட பேச்சு வச்சுக்காத. அவனுங்களுக்குக் கரைக்கு ஒரு பொண்டாட்டி." மஞ்சள் இன்னும் அரைப் பை இருக்கிறது. புத்திமதி முழுசாக இருக்கிறது. போகும்போது எழுதியதெல்லாம் வாந்தி எடுத்த கதை. அந்தப் பக்கங்களை நீ படிக்க வேண்டாம்.

போன வருஷம் ஒரு துரையின் பிள்ளைகளை லண்டனில் கொண்டுபோய் விட்டேன். இப்போது இன்னொரு துரைசாணியின் பிள்ளைகளுக்கு ஆயாவாகத் திரும்பி வருகிறேன். லூசி பாபாவுக்கு நாலு வயது, வாய்க்கு நாற்பது வயது. சின்ன பாபாவுக்கு எட்டு மாதம். துரைசாணி நல்லவள்தான், ஆனால் கப்பல் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து படுக்கையை விட்டு எழுந்ததில்லை. எனவே பிள்ளைகள் இரண்டும் என் தலையில்.

'ஹாரியட்' சரக்குக் கப்பல். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடக்கிறதே, மொரீசுத் தீவுப் பக்கம் அவர்கள் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கக் காத்துக் கிடக்கிறார்களாம். அதனால் இதற்கு ராஜாவின் சண்டைக் கப்பல் மாதிரி கறுப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை அடித்து, இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் துவாரம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பீரங்கியின் மூக்கை நீட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எட்டுதான் நிஜம். மீதி பன்னிரண்டும் கட்டை. முறிந்த பாய்மரத்தைச் செதுக்கிக் கறுப்பு பூசியது. தூரத்தில் பார்ப்பவன் நடுங்குவான். கிட்டே பார்ப்பவன் சிரிப்பான்.

இன்று துணி துவைத்தேன். உப்புத் தண்ணீரில் எதுதான் வெளுக்கும்? கீழ்க் கயிற்றில் போட்டால் அலை தெறித்து மறுபடி நனைகிறது. மரப் பீரங்கிகளின் மூக்கு கடல் பக்கம் நீட்டிக்கொண்டு, வெயிலில் சுகமாகக் காய்ந்துகொண்டிருந்தது. சின்ன பாபாவின் மூத்திரத் துணி பன்னிரண்டையும் அவற்றில் மாட்டிவிட்டேன். பன்னிரண்டு துணி, பன்னிரண்டு கட்டை. ஏதோ எனக்காகவே எண்ணிச் செய்தது மாதிரி இருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

முப்பத்து நாலு.

பீரங்கி மூக்கில் துணியைப் பார்த்துக் கப்பித்தானின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. திட்டியது வேறொருவன். கப்பலின் தச்சன், பஸ்தியான் ஓடாவி. தூத்துக்குடிக்காரன். மரக் கட்டைக்குப் பீரங்கி வேஷம் போட்ட மகானுபாவன் இவன்தான்.

"ஆயாம்மா, என்ன செய்யுதிய? அது பீரங்கி."

"அது கட்டை."

"நமக்குத்தான் கட்டை. பாக்கிறவனுக்குப் பீரங்கி. பீரங்கி வாயில மூத்திரத் துணி தொங்குனா, எந்த பிரெஞ்சுக்காரன் பயப்படுவான்?"

"பிள்ளை வெச்சிருக்கிற எவனும் பயப்படுவான்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்தவன் சண்டை போட வேண்டாமா? நடுவில் சிரிப்பது என்ன பழக்கம்? இன்னொன்று, 'ஆயாம்மா' என்கிறான். நான் விதவைதான், ஆனால் எனக்கு முப்பத்தாறு வயதுதான். இவனுக்கு நாற்பத்திரண்டு. எப்படித் தெரியும் என்றால், பேச்சுவாக்கில் சமையல்காரரிடம் விசாரித்தேன். பெண்டாட்டி இறந்து பத்து வருஷம் ஆகிறதாம். அதை நான் விசாரிக்கவில்லை, அவராகவே சொன்னார்.

மார்ச் 24, வெள்ளி

முப்பத்தொன்று.

ஓடாவி நேற்றும் இன்றும் பின்பாய்மரத்தில் ஏறி ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். சின்ன பாபாவால் தூங்க முடியவில்லை. "எதுக்கு இந்த டங்கு டங்கு?" என்று கீழிருந்து கத்தினேன். மேலேயிருந்து இன்னும் இரண்டு டங்கு கேட்டது.

சாயங்காலம் என் கையில் ஒரு கயிற்று நுனியைக் கொடுத்தான். "இழுங்க" என்றான். இழுத்தேன். வேறொரு கயிறு சரசரவென்று மேலே போனது. உச்சியில் ஒரு கப்பி வைத்திருக்கிறான். பலாமரக் கப்பி, கையாலேயே கடைந்து, உரசி, எண்ணெய் தடவி வைத்தது. துணியைக் கீழேயே கோத்துக்கொண்டு இழுத்தால், அத்தனையும் காற்றுக்கு மேலே போய்விடும். அலை எட்டாது. அரை மணியில் காய்ந்துவிடும். கப்பித்தானிடம் அனுமதியும் அவனே வாங்கிவிட்டானாம்.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டீங்க?" என்றேன்.

"என் பீரங்கி வர்ணம் போயிரக் கூடாதுல்ல" என்றான்.

அதானே பார்த்தேன். தன் பீரங்கிக்காகச் செய்திருக்கிறான். இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டேன். அக்கா, மரியாதை தெரியாதவள் என்று நாளை யாரும் நம் குடும்பத்தைச் சொல்லக் கூடாது பார்.

கப்பியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூ செதுக்கியிருக்கிறது. இதெல்லாம் எந்தப் பீரங்கிக்குத் தேவை என்று தெரியவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

இருபத்தொன்பது.

ஜெபம் முடிந்து லூசி பாபா, கப்பல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? ஓடாவியிடம் கூட்டிப் போனேன். பிள்ளைக்காகத்தான்.

"கொடியாலதான் பேசும் பாப்பா. செவப்பு, நீலம், வெள்ளைன்னு மாத்தி மாத்தி ஏத்தும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம். ராஜா கப்பல்காரங்க அதுக்குன்னு ஒரு புஸ்தகமே வச்சிருக்காங்க."

"மஞ்சள்?"

"மஞ்சக் கொடியா? அது கப்பல்ல தொத்து நோவு இருக்குன்னு அர்த்தம். அதைப் பாத்தா எவனும் கிட்டயே வர மாட்டான். எமனே தூரத்துல நின்னுதான் பேசுவான்."

லூசி பாபாவுக்கு நான்தான் அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. எமனுக்கு இங்கிலீஷ் தெரியாததால் அவனை விட்டுவிட்டேன்.

பிறகு அவன் உளிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூடியில் வேறு யாரோ வெள்ளைக்காரன் பெயர். கேட்டேன்.

"எனக்கு முந்தி இருந்த தச்சன். நடுக்கடல்ல ஒரு சண்டைக் கப்பல் இதை நிறுத்திச்சு. அவங்களுக்கு ஆள் கொறஞ்சா, சரக்குக் கப்பல்ல ஏறி நல்ல ஆளாப் பாத்து இழுத்துட்டுப் போவாங்க. மொதல்ல கேக்கிறது தச்சனத்தான். பெட்டியக்கூட எடுக்க விடல. அவன் வருவான்னு இதத் தொடச்சு வச்சிருக்கேன்."

"எத்தனை நாளாச்சு?"

"ஆறு வருஷம்."

எனக்கு ஏனோ மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சமையல்காரர் கஞ்சியில் உப்பைக் கொட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30, வியாழன்

கப்பல் பேயாட்டம். லூசி பாபா என் மேல் வாந்தி. சின்ன பாபா லூசி பாபாவின் மேல்.

ஏப்ரல் 1, சனி

இன்று ஓடாவி என்னை 'ஞானப்பூ' என்று கூப்பிட்டார். பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பேச்சுவாக்கில் சமையல்காரரிடம் விசாரித்தேன் என்றார்.

ஏப்ரல் 3, திங்கள்

இருபத்தொன்று.

நல்ல வெயில், நல்ல காற்று, மூன்று நாள் அழுக்கு. கப்பிக் கயிற்றில் கோத்து இழுத்தேன். லூசி பாபாவின் சிவப்பு உள்பாவாடை, என் நீலச் சேலை, நடுவில் மூத்திரத் துணிகள் வெள்ளை வெள்ளையாக, மறுபடி ஒரு சிவப்பு. மேலே போய்ப் படபடவென்று அடித்துக்கொண்டன. பார்க்கவே மனசு நிறைந்துவிட்டது. ஓடாவியும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். துணி காய்வதைப் பார்ப்பதில் என்ன பேச்சு?

பிற்பகல் அடிவானத்தில் ஒரு பாய் தெரிந்ததாகச் சொன்னார்கள். பொட்டு மாதிரி. போய்விடும் என்றார்கள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

காலையில் அந்தப் பொட்டு போகவில்லை. பெரிதாகிவிட்டிருந்தது. கப்பித்தான் தூரப்பார்வைக் குழலில் பார்த்துவிட்டு, "நம்ம கப்பல்தான், ராஜாவின் சண்டைக் கப்பல்" என்றார். பிரெஞ்சுக்காரன் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். வேறு யாரும் சந்தோஷப்படவில்லை.

அந்தக் கப்பல் கொடிகளை ஏற்றியது. பிறகு ஒரு பீரங்கி வெடித்தது, நிஜப் பீரங்கி. கப்பித்தான் பாய்களைச் சுருக்கிக் கப்பலை நிறுத்தச் சொன்னார். நிறுத்தாமல் போனால் அடுத்த குண்டு நம் மேல் விழும்.

"நேத்திலிருந்து நாம என்னமோ சொல்லிக்கிட்டிருக்கோம்னு நெனச்சு வந்திருக்கான். நாம என்ன சொன்னோம்? யார் கொடி ஏத்துனது?" என்று கப்பித்தான் தன் பாஷையில் கத்தினார். யாரும் ஏற்றவில்லை என்றார்கள். அப்போது அவர் கண் மெள்ள மேலே போனது. எல்லார் கண்ணும் போனது. நேற்றுச் சாயங்காலம் சின்ன பாபாவுக்கு வயிற்று வலி, நான் துணியை இறக்க மறந்துவிட்டேன். சிவப்பு, நீலம், வெள்ளை, வெள்ளை, வெள்ளை, சிவப்பு.

அக்கா, பூமி பிளந்து உள்ளே போக ஆசைப்பட்டேன். நடுக்கடலில் அதற்கும் வழியில்லை.

துணியை இறக்கினேன். அதற்குள் அங்கே ஒரு படகைக் கடலில் இறக்கிவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர், இடுப்பில் கத்தி. நம் மாலுமிகள் சாமான் அறைக்குள் எலி மாதிரி ஓடி ஒளிந்தார்கள். ஓடாவி மட்டும் ஓடவில்லை. உளிப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களும் போய் ஒளிஞ்சுக்கங்க" என்றேன்.

"தச்சன் இல்லாத கப்பல் ஏது? என்னத் தேடிப் பலகை பலகையாப் பேத்துப் பாப்பாங்க. அப்ப மத்தவனும் மாட்டுவான்." பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இதத் தொடச்சு வையிங்க, ஞானப்பூ."

ஆறு வருஷம் என்று அன்றைக்குச் சொன்னாரே, அது காதில் விழுந்தது. நான்தான், என் துணிதான் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. இந்த மனிதர் எனக்காகச் செய்த கப்பியே இவருக்கு எமனாகிவிட்டது. இவரைக் கொண்டுபோனால் நான் பட்டணம் போய் என்ன, போகாமல் என்ன? ஆமாம் அக்கா, எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

"பெட்டிய நீங்களே தொடைங்க" என்று சொல்லிவிட்டு அறைக்கு ஓடினேன்.

என்னிடம் வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான் அகலமாக இருந்தது. வேப்பேரிக் கோயிலுக்கு முதல் ஞாயிறு கட்டிக்கொண்டு வர, ஒன்றரை வருஷமாகப் பெட்டி அடியில் மடித்து வைத்திருந்த சேலை. லண்டன் ராஜா எதிரே வந்தாலும் கட்டியிருக்க மாட்டேன். அதை வாளித் தண்ணீரில் முக்கி, நீ கொடுத்த மஞ்சள் அரைப் பையையும் கொட்டிப் பிசைந்தேன். துரைசாணி படுக்கையிலிருந்து, "ஆயா, என்ன செய்கிறாய்?" என்றாள். "துவைக்கிறேன் அம்மா" என்றேன். பொய்யில்லை.

சொட்டச் சொட்டக் கயிற்றில் கட்டி இழுத்தேன். கை எரிந்தது. கப்பி மட்டும் சத்தமே போடாமல் சுற்றியது, அவ்வளவு எண்ணெய் போட்டிருந்தார் அந்த மனிதர். உச்சியில் சேலை விரிந்தது. அத்தனை மஞ்சளை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கப்பித்தான் பார்த்தார். ராஜாவின் கப்பலுக்குப் பொய்க் கொடி காட்டினால் அவர் வேலையே போய்விடும். என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். பிறகு, "ஆயாவின் சலவைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று இங்கிலீஷில் முணுமுணுத்துவிட்டு மறுபக்கக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

வந்துகொண்டிருந்த படகில் துடுப்புகள் நின்றன. அதிலிருந்த அதிகாரி எழுந்து தகரக் குழலை வாயில் வைத்து, "உங்கள் கப்பலில் என்ன நோய்?" என்று கத்தினார்.

கப்பித்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வார்த்தை வரவில்லை, இருமல் வந்தது. அதைப் பார்த்துச் சமையல்காரர் இருமினார். பிறகு சுக்கான் பிடிப்பவர், பிறகு கப்பலே இருமியது. சாமான் அறைக்குள் ஒளிந்தவர்கள்கூட உள்ளேயிருந்து இருமினார்கள். லூசி பாபாவுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. தடாலென்று கப்பலின் மேல்தட்டில் விழுந்து, நாக்கை நீட்டிச் செத்துப் போனாள். என்ன பிள்ளை அது!

"ஐயோ, நேற்று அத்தனை கொடியில் இதைத்தான் சொன்னீர்களா, கிட்டே வராதே என்று?" என்று கத்தினார் அந்த அதிகாரி. "தெய்வம் உங்களைக் காப்பாற்றட்டும்! பட்டணத்தில் சொல்லி வைக்கிறோம்!" படகு திரும்பியது. வந்ததைவிட வேகமாகப் போனது.

ஓடாவி இன்னும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தச் சேல..." என்றார்.

"சேலைதானே" என்றேன். பிறகு வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 5, புதன்

எத்தனை நாள் பாக்கி என்று கணக்கு விட்டுப்போய்விட்டது.

ஏப்ரல் 10, திங்கள்

கப்பித்தான் என்னைக் கூப்பிட்டு மிகவும் கண்டிப்பாக, இனிமேல் எந்த நிறத் துணியை எப்போது ஏற்றினாலும் தன்னிடம் காட்டிவிட்டு ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு தன் சொந்தக் குடிதண்ணீரில் ஒரு வாளி கொடுத்து, சேலையைத் துவைத்துப் பார்க்கச் சொன்னார்.

துவைத்தேன். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்தது. அலசினால் மறுபடி மஞ்சள். இரண்டு தரம் அலசிவிட்டு நிறுத்திவிட்டேன். இன்னும் நாலு தரம் அலசி வெயிலில் போட்டால் போய்விடும்தான். நல்ல தண்ணீரை வீணாக்க மனசு வரவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

பட்டணம் தெரிகிறது! கோட்டை, கரை, கட்டுமரங்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நங்கூரம் போட்டாயிற்று.

ஆனால் இறங்க முடியாது. அந்தச் சண்டைக் கப்பல் நமக்கு முன்னாலேயே வந்து, மஞ்சள் கொடிக் கப்பல் ஒன்று வருகிறது, பாவம், கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று கரையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பதினாலு நாள் ஒருவரும் இறங்கக் கூடாது, யாரும் ஏறக் கூடாது என்று உத்தரவு. நோய் இல்லை என்று சொன்னால், ராஜாவின் கப்பலை ஏமாற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பித்தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஊர் கண்ணெதிரே இருக்கிறது, போக முடியவில்லை. நியாயமாக நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். முயன்று பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 29, சனி

தினமும் வைத்தியர் படகில் வந்து கீழேயே நின்றுகொண்டு, "நாக்கை நீட்டுங்கள்!" என்கிறார். அறுபது பேரும் வரிசையாக நின்று அவருக்கு நாக்கை நீட்டுகிறோம். கப்பித்தானும் நீட்டுகிறார். இந்தக் காட்சிக்காகவே இன்னொரு தரம் சேலைக்குச் சாயம் போடலாம்.

மே 3, புதன்

இன்று அவர் மரப் பீரங்கி ஒன்றின் மேல் உட்கார்ந்து கேட்டார்.

"கரையில நீங்க இருக்க வீட்டுல துணி காயப் போட என்ன இருக்கு?"

"ஒரு பழைய கயிறு. அக்கா வீட்டுக் கொல்லையில."

"கப்பி இருக்கா?"

"இல்ல."

"வேணுமா?"

நான் கடலைப் பார்த்தேன். அப்புறம் கரையைப் பார்த்தேன். அப்புறம் அவரைப் பார்த்தேன்.

"கப்பி மட்டும் வந்தா அதை யாரு மாட்டுறது?" என்றேன்.

மே 7, ஞாயிறு

நாளைக்கு விடுகிறார்கள். கப்பல் முழுக்கக் கொண்டாட்டம். வைத்தியர் இன்னும் ஒரு வாரம் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்காது என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் கடலில் தள்ளிவிடுவார்கள்.

அக்காவுக்கு என்ன சொல்வது? கப்பல்காரன், நம் வேப்பேரிக் கோயில் இல்லை, மாதா கோயில்காரன். மச்சானோ உபதேசியார். எனக்கு ராஜாவின் சண்டைக் கப்பல் வந்தபோதுகூட இவ்வளவு பயமில்லை.

மே 8, திங்கள். வேப்பேரி

நோட்டு என்னிடம் இல்லை. இதைத் தனித் தாளில் எழுதுகிறேன்.

மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வந்தோம். நல்லதாகக் கட்ட வேறு சேலை இல்லாததால் அந்த மஞ்சளைத்தான் கட்டியிருந்தேன். லூசி பாபா பிரிய மாட்டேன் என்று என் முந்தானையைப் பிடித்து அழுதாள். ஞாயிறு தோறும் வருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அக்கா மணலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் செத்துப் போனேன் என்று பதினாலு நாள் அழுதவள், என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாருடி அது, உன் பின்னாடி?"

"தச்சர்."

"கையில என்ன?"

"கப்பி."

"உன் கோயில் சேலைக்கு என்னடி ஆச்சு?"

ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் முடியாது. நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். "எல்லாம் எழுதியிருக்கேன். ஒண்ணு விடாம."

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூத்திரத் துணி வந்திருக்கும். பிறகு தாள் புரளும் சத்தம் மட்டும். ஒரு தரம் மூக்கைச் சிந்தினாள். கொல்லையில் அவர் முருங்கை மரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி, கப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மாட்டவில்லை. உத்தரவு வரவில்லையே. நானும் இங்கே உட்கார்ந்து எழுதுவது போல் எழுதிக்கொண்டிருக்கிறேன், உள்ளங்கை வேர்த்துத் தாள் நனைகிறது.

இப்போது கதவு திறந்தது.

"ஞானப்பூ!"

"என்னக்கா?"

"அந்த மனுஷன் காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறாரே, சாப்பாடு போட்டியாடி?"